சாட்சி நிற்கும் ஆலயம்



திருமணச் செய்தி ஒன்று காதில் விழுந்ததும் நாம் கேட்கும் கேள்விகள் மூன்று. மணமகன் யார்? மணமகள் யார்? மணம் எங்கே? முதல் இரண்டு கேள்விகளையும் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். மூன்றாவது கேள்வியை மட்டும் வழி தெரிந்துகொள்வதற்காகக் கேட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் மணம் நிகழும் இடம், விருந்தினரை அமர்த்தி உணவிடுவதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. அந்த இடத்திற்கென்று ஒரு கடமை உண்டு. அந்தக் கடமை என்ன என்பதைச் சேலம் நகரில் உள்ள ஒரு பழைய ஆலயத்தை முன்வைத்து இன்று உங்களோடு எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

சேலத்திற்கு வருகின்றவர்களின் கண்ணை முதலில் கவர்வது வடக்கே எழுந்து நிற்கும் சேர்வராயன் மலை. ஊருக்குள் வந்தால் நெசவும் மாங்கனியும் புகழ் பெற்றவை. இவற்றின் நடுவே, கூரிய முனையுடைய சாளரங்களோடு, நம் ஊர்க் கட்டடங்களுக்குச் சற்றும் உறவில்லாதது போல நிற்கிறது, ‘கிறைஸ்ட் சர்ச்’ என்று ஊரார் வழங்கும் கிறிஸ்து ஆலயம். 1875 ஆம் ஆண்டில் இது வழிபாட்டிற்கென்று அர்ப்பணிக்கப்பட்டது. இதன் அமைப்பை வரைந்தவர் ராபர்ட் சிஸம் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். சென்னைக் கடற்கரைச் சாலையில் மாநிலக் கல்லூரியையும் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தையும் கண்டவர்கள் அவருடைய கைவண்ணத்தைக் கண்டவர்களே. செனட் மண்டபத்தில் இந்தியக் கலை மரபுகளையும் மேனாட்டு மரபையும் கலந்து புதுமை செய்த அதே சிஸம், உதகமண்டலத்தின் நீலகிரி நூலகத்திலும் சேலத்து ஆலயத்திலும் ‘கோதிக்’ என்னும் ஐரோப்பியப் பாணியைக் கையாண்டார்.

கோதிக் பாணி என்பது யாது? கட்டடம் கட்டுவோர் எல்லாரும் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: தலைக்கு மேலே உள்ள சுமையை எப்படித் தரைக்கு இறக்குவது? நாமக்கல்லில் நம் முன்னோர் குன்றையே குடைந்து நரசிங்கப் பெருமாளுக்குக் கோயில் கண்டனர்; அங்கே மலையே கூரை, மலையே சுவர். பிற கோயில்களில் தூண்களை நிறுத்தி, அவற்றின் மேல் கல் உத்தரங்களை ஏற்றினர். சுமை நேரே கீழே இறங்கியது. ஐரோப்பியர் 12 ஆம் நூற்றாண்டில் வேறு ஒரு வழி கண்டனர். இரண்டு வளைவுகளை எதிரெதிரே சாய்த்து, உச்சியில் கூர்முனையாகச் சேர்த்தனர். இவ்வாறு சேர்ந்த வளைவு ஒன்றையொன்று தாங்கும். ஆனால் தன் இரு கால்களையும் புறத்தே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளுதலை ஏற்றுக்கொள்ளச் சுவருக்கு வெளியே முட்டுச்சுவர்களை எழுப்பினர். பாரிஸ் நகருக்கு அருகே செயின்ட் டெனிஸ் மடாலயத்தில், சுகேர் என்னும் மடாதிபதி கட்டி 1144 இல் அர்ப்பணித்த பகுதியே இப்பாணிக்கு முதல் எடுத்துக்காட்டு என்பர். சுமையை முட்டுச்சுவர்கள் ஏற்றதால் மற்றச் சுவர் மெலிந்தது. மெலிந்த இடத்தில் உயர்ந்த சாளரங்கள் தோன்றின. இருண்ட கூடங்களுக்குள் ஒளி புகுந்தது.

கூர்வளைவின் இரு பாதிகளையும் கணவன் மனைவிக்கு உவமை கூறுவது எளிது. ஆனால் அந்த உவமையில் பாதியை நாம் மறந்துவிடுகிறோம். இரு பாதிகளும் ஒன்றையொன்று தாங்கினால் மட்டும் போதாது. வெளியே முட்டுச்சுவரும் வேண்டும். அந்த முட்டுச்சுவர் எது என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

அந்தக் கோதிக் பாணி தோன்றிய 12 ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் திருமணத்தைப் பற்றிய ஒரு பெரிய கொள்கையும் உறுதி பெற்றது. ஆணும் பெண்ணும் ‘நான் உன்னை ஏற்கிறேன்’ என்று மனமொத்துச் சொன்னால் அதுவே திருமணம். தந்தையின் ஆணையோ வரதட்சிணையோ அதற்கு உயிர் அல்ல என்பது திருச்சபைச் சட்டத்தின் முடிவு. மூன்றாம் அலெக்சாந்தர் என்னும் போப்பாண்டவர் காலத்தில் இது வலுப்பெற்றது. பெண்ணின் சம்மதத்திற்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்தது உயர்ந்த கொள்கையே. ஆயினும் அதிலிருந்து ஒரு தொல்லை முளைத்தது. சாட்சி இல்லாமல் தனியிடத்தில் சொன்ன சொல்லும் திருமணமே என்றால், நாளை ஒருவன் ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று மறுத்துவிட்டால் என் செய்வது? முன்னரே மணமானவன் வேறோர் ஊரில் மறுபடியும் மாலை சூடினால் யார் தடுப்பது?

இந்தத் தொல்லை ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. தமிழ் கற்கும் மாணவர்கள் களவையும் கற்பையும் அறிவார்கள். இருவர் உள்ளம் ஒன்றுபட்ட களவு ஒழுக்கத்தைத் தொல்காப்பியம் இழித்துக் கூறவில்லை. ஆனால் மக்களிடையே பொய்யும் தவறும் தலைகாட்டத் தொடங்கிய பிறகே சான்றோர் ‘கரணம்’ என்னும் மணச் சடங்கை வகுத்தனர் என்று அந்நூலின் கற்பியல் காரணம் காட்டுகிறது. அகநானூற்றில் வரும் மணக் காட்சியில் பந்தல் உண்டு, புது மணல் உண்டு, நீர் சொரிந்து வாழ்த்தும் மங்கல மகளிர் உண்டு. ஊரார் கூடியிருக்கும் வெளிப்படையான இடம் அது. பொய்யை அகற்றவே சடங்கு. சடங்கைக் காணவே ஊரார். ஊரார் கூடவே பந்தல்.

ஐரோப்பியரும் இதே வழியில் நடந்தனர். இடைக்காலத்து இங்கிலாந்தில் மணமக்கள் வாக்குறுதி கொடுத்தது ஆலயத்தின் வாயிலில். உள்ளே அன்று, வாசலில்! போவோர் வருவோர் எல்லாரும் காணட்டும் என்பதே அதன் கருத்து. சமயச் சீர்திருத்தக் காலத்தில்தான், 16 ஆம் நூற்றாண்டில், அச்சடங்கு முழுவதும் உள்ளே வந்தது. 1215 இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், திருமணத்தை முன்கூட்டியே ஆலயத்தில் அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. 1563 இல் திரெந்து சங்கம், குருவும் சாட்சிகள் இருவரும் இல்லாத மணம் கத்தோலிக்கருக்குச் செல்லாது என்றது. 1753 இல் இங்கிலாந்தின் நாடாளுமன்றமும் அறிவிப்பும் பதிவேடும் கட்டாயம் என்று சட்டம் செய்தது. 21 வயது நிரம்பாதவர் பெற்றோரை மீறி மணக்க முடியாதபடி அச்சட்டம் இறுக்கியதால், காதலர் பலர் ஸ்காட்லாந்து எல்லைக்கு ஓடிக் கிரெட்னா கிரீன் என்னும் சிற்றூரில் மணந்துகொண்டனர் என்பது வேறு கதை.

இந்த நீண்ட மரபின் இந்தியக் கிளைதான் 1872 ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். சேலத்து ஆலயம் அர்ப்பணிக்கப்படுவதற்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன் அச்சட்டம் பிறந்தது. கல்லால் ஆகிய கட்டடமும் சொல்லால் ஆகிய சட்டமும் ஒரே தலைமுறையில் தோன்றியவை எனலாம். மணம் எங்கே நிகழவேண்டும் என்பதையே அச்சட்டம் வரையறுத்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர், 5 மைல் தொலைவுக்குள் தம் திருச்சபையின் ஆலயம் ஒன்று இருக்குமானால், சிறப்பு அனுமதி இன்றி வேறிடத்தில் மணம் செய்விக்கலாகாது. எப்போது என்பதையும் அது வரையறுத்தது. காலை 6 மணி முதல் மாலை 7 மணிக்குள். இரவின் மறைவில் அன்று. எவர் முன்னிலையில் என்பதையும் வரையறுத்தது. மணம் செய்விக்கும் குருவைத் தவிர, நம்பத்தக்க சாட்சிகள் குறைந்தது இருவர் வேண்டும். இடம், காலம், சாட்சி ஆகிய மூன்றும் நோக்குவது ஒன்றையே: மணம் வெளிச்சத்தில் நிகழவேண்டும்.

அச்சட்டத்தில் குறை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கென அமைந்த ஒரு பகுதியில், மணமகனுக்கு 16 வயதும் மணமகளுக்கு 13 வயதும் கடந்திருந்தால் போதும் என்று 1872 இல் எழுதினார்கள். பதின்மூன்று வயதுச் சிறுமியின் ‘சம்மதம்’ எத்தகையது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்னும் இன்றைய வரம்பு 1978 இல் வந்தது. சம்மதம் என்னும் சொல்லுக்கு முழுப் பொருள் வர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இனி ஆலயத்தின் உள்ளே செல்வோம். மணநாளுக்கு முன்பே மணம் தொடங்கிவிடுகிறது. தமிழ்க் கிறிஸ்தவர் இதனை ‘ஓலை வாசித்தல்’ என்பர். பனையோலை மறைந்து தாள் வந்த பின்னும் சொல் மறையவில்லை. இன்னார் மகன் இன்னாரும் இன்னார் மகள் இன்னாரும் மணம்புரிய உள்ளனர்; தடை ஏதேனும் அறிந்தவர் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறுகள் சபையின் முன் படிக்கப்படும். முதலாம் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை என்று எண்ணிக்கை ஏற ஏற, அந்த மணம் இரண்டு வீட்டாரின் தனிச் செய்தியாக இல்லாமல் சபையின் பொதுச் செய்தியாகிறது.

மணநாளன்று குருவானவர் அந்தக் கேள்வியை மீண்டும் ஒருமுறை கேட்கிறார். கேட்டுவிட்டுச் சற்று நிறுத்துகிறார். அந்தச் சில நொடிகளின் அமைதியை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? நான் இப்போது பேசிக்கொண்டிருக்கும் வானொலிக் கூடத்தின் சுவர்கள் ஒலியை விழுங்கிவிடுமாறு அமைக்கப்பட்டவை. சொல் முடிந்ததும் ஓசையும் முடிந்துவிடும். உயர்ந்த கல் ஆலயத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அங்கே சொன்ன சொல் சுவரில் பட்டுத் திரும்பி, சற்று நேரம் கூரையின் கீழே நிற்கும். ஆதலால்தான் அத்தகைய இடங்களில் நிறுத்தி நிதானமாகப் பேசவேண்டியிருக்கிறது. ‘தடை உண்டா?’ என்னும் வினா அடங்கி, அமைதி நிலவி, எவரும் எழவில்லை என்றால், கூடியிருந்த அனைவரும் வாய் திறவாமலே ஒரு சான்று கூறிவிட்டார்கள் என்று பொருள்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். தடை என்று எதனையெல்லாம் சொல்லலாம்? ஒருவருக்கு முன்னரே உயிருடன் துணை இருப்பது தடை. வயது நிரம்பாமை தடை. மணக்கக் கூடாத நெருங்கிய உறவு தடை. இருவரில் ஒருவருக்கு விருப்பமின்மை பெருந்தடை. சாதி வேறு என்பது தடையன்று. செல்வம் குறைவு என்பது தடையன்று. நகை பேசியபடி வரவில்லை என்பது தடையன்று. சபை நடுவே எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்ல முடியாத காரணங்களைத்தான் நம் வீட்டுத் திண்ணைகளில் பெரிய தடைகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்! வெளிப்படையான இடத்தின் சிறப்பு இதுவே; வெளியே சொல்ல நாணும் காரணத்திற்கு அங்கே மதிப்பில்லை.

ஆனால் வெளிப்படைக்கு மறுபக்கமும் உண்டு என்பதை மறைக்கலாகாது. மதம் கடந்து மணப்போர்க்கு வழிசெய்யும் 1954 ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்திலும், 30 நாள் அறிவிப்பு என்னும் வடிவில் இந்த ஓலை மரபே நிற்கிறது. பொய்யனை வெளிப்படுத்த ஏற்பட்ட அறிவிப்பு, அஞ்சி வாழும் இளைஞர் இருவரைத் துரத்துவோர்க்கு வழிகாட்டியாகிவிடுவதும் உண்டு. கூடியிருப்போர் சாட்சிகளாக இருந்தால் அறிவிப்பு காவல்; அவர்களே பகைவரானால் அதுவே ஆபத்து. ஆகையால் குறை அறிவிப்பில் இல்லை, அறிவிப்பைக் கேட்கும் நம்மிடத்தில் இருக்கிறது.

அடுத்து வருவது உறுதிமொழி. மணமகனிடம் கேட்பதை மணமகளிடமும் தனியே கேட்கிறார்கள். தந்தை கைப்பிடித்து அழைத்து வந்தாலும் விடை அவள் வாயிலிருந்தே வரவேண்டும். மண்டபத்தில் நாதசுரமும் தவிலும் முழங்கும் வேளையில் மணமகளின் குரலை நாம் கேட்பதில்லை. இங்கே எல்லா இசையும் நின்றுவிடுகிறது. ஒரு பெண் தன் வாழ்வைப் பற்றித் தானே ஊரார் செவிபடச் சொல்கிறாள். அந்தக் கூர்வளைவுகளின் கீழே நிகழும் மிகச் சிறந்த காட்சி, என் கருத்தில், இதுவேயாகும்.

அதன்பின் மோதிரம் அணிவிப்பார்கள். பல குடும்பங்களில் தாலியும் கட்டுவார்கள். சிலுவைக் குறி பொறித்த தாலியை ஐரோப்பியக் கூர்வளைவின் கீழ் கட்டுவது முரண் அல்லவா என்று சிலர் வினவுவர். ஆலயத்தின் வரலாற்றை நோக்கினால் முரண் மறையும். சேலத்தில் லண்டன் மிஷன் சங்கத்தார் 1827 இல் பணி தொடங்கித் தமிழ்ச் சபைகளை வளர்த்தனர். அவர்களுள் லெக்லர் என்பவரின் பெயரால் இன்றும் இந்நகரில் ஓர் ஆலயம் உண்டு. கிறிஸ்து ஆலயமோ ஆங்கிலேய அதிகாரிகளும் அவர்தம் குடும்பத்தாரும் வழிபட்ட ஆங்கிலிக்கன் ஆலயம். நாடு விடுதலை பெற்ற 1947 ஆம் ஆண்டிலேயே, செப்டம்பர் 27 ஆம் நாள், இத்தகைய வெவ்வேறு மரபினர் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆண்டவர்கள் கப்பலேறினர், ஆலயம் நின்றது. அவர்கள் அமர்ந்த இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் அமர்ந்தன. பட்டுச் சேலையும் மல்லிகையும் அந்த வாயிலுக்குள் உரிமையோடு நுழைந்தன. அந்நியர் விட்டுச் சென்றதை இடித்துத் தள்ளாமலும், அதற்கு அடிமையாகாமலும், நம்முடையதாக்கிக்கொண்ட நாகரிகம் அது.

மணம் முடிந்ததும் ஓசையின்றி ஒரு செயல் நடைபெறும். மணமக்களும் குருவும் சாட்சிகளும் ஒரு மேசையைச் சூழ்ந்து நின்று பதிவேட்டில் கையொப்பமிடுவர். பெயர், வயது, தொழில், இருப்பிடம், தந்தையின் பெயர் ஆகியவற்றிற்கு அதில் இடம் உண்டு. முன்னர் மணமாகாதவரா, துணையை இழந்தவரா என்பதற்கும் ஓர் இடம் உண்டு. கைம்பெண் மீண்டும் மணம்புரிவதைக் குற்றமாக எண்ணிய சமுதாயத்தில், அவளுக்கும் ஒரு கட்டம் ஒதுக்கிவைத்த ஏடு அது. ஆனால் தாயின் பெயருக்கு அங்கே இடம் வைக்கவில்லை. இந்த மரபின் பிறப்பிடமான இங்கிலாந்திலேயே தாயின் பெயர் திருமணப் பதிவில் ஏறியது 2021 ஆம் ஆண்டில்தான்! ஏடு சாட்சி சொல்கிறது. தான் மறந்தவர்களைப் பற்றியும் சாட்சி சொல்கிறது.

இன்று நிலை என்ன? தமிழ்நாட்டில் எந்தச் சமயத்தார் மணமும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 2009 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. குருக்கள் இன்றி நிகழும் சுயமரியாதைத் திருமணத்திற்கு 1967 இல் சட்ட ஏற்பு அளித்தபோதும், உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலை என்பதை விட்டுவிடவில்லை. சடங்கு மாறலாம்; சாட்சி மாறவில்லை.

ஆனால் வேறொரு மாற்றத்தைக் காண்கிறோம். பழைய ஆலயங்களை ஒளிப்படத்திற்கு ஏற்ற பின்னணியாகக் கருதும் வழக்கம் வளர்ந்து வருகிறது. கூர்வளைவு படத்தில் அழகாக விழும் என்பதில் ஐயமில்லை. இருந்தாலும், உறுதிமொழி கூறும் நொடியில் படக்கருவிகள் மணமக்களைச் சூழ்ந்து மறைத்துக்கொள்ள, பின்வரிசையில் இருப்போர் ஒன்றும் காணாமல் தம் கைப்பேசிகளை நோக்கிக்கொண்டிருந்தால், அங்கே கட்டடம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. சாட்சி எங்கே இருக்கிறது? படம் நடந்ததைக் காட்டும். நாளை அந்த இருவரிடையே மனவேறுபாடு தோன்றினால், ‘அன்று நீங்கள் கூறியதை நான் என் செவியால் கேட்டேன், வாருங்கள், அமர்ந்து பேசுவோம்’ என்று படம் எழுந்து வந்து சொல்லாது. பெண் ஒருத்தி துன்புறுத்தப்பட்டால் அவளுக்காகக் கதவைத் தட்டாது. அதைச் செய்யவேண்டியவர்கள் அன்று அங்கே அமர்ந்திருந்த மனிதர்கள்.

கூர்வளைவுக்கு வெளியே நிற்கும் முட்டுச்சுவர் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது நாம்தான். உள்ளே அமர்ந்து வளைவின் அழகைக் காண்போர்க்கு முட்டுச்சுவர் தெரிவதில்லை. அது தளர்ந்தால் வளைவு விரியும் என்பது மட்டும் உறுதி.

மாணவ நண்பர்களே, உங்கள் தமக்கையின் மணமோ தோழனின் மணமோ வரும். அது சேலத்தின் பழைய ஆலயத்தில் நிகழலாம். நாமக்கல்லில் ஒரு மண்டபத்தில் நிகழலாம். சிற்றூர் ஒன்றில் வாசற்பந்தலில் நிகழலாம். எங்கே நிகழ்ந்தாலும், மணமக்கள் வாய்திறந்து சொல்லும் சொல்லைக் கேட்கும் தொலைவில் அமருங்கள். விருந்துக்கு முன் அதைக் கேளுங்கள். கேட்டதை நினைவில் வைத்திருங்கள்.